யாரு கடைசியாத் தொட்டது?

மாடியில் தொட்டி நிரம்பி, புறவாசல் சுவர் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் மாப்பிள்ளை பாண்டியராஜ் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். கையை நீட்டினால் அணைத்துவிடலாம். அணைக்க மாட்டார். வீட்டைப் பார்த்துத் திரும்பி நின்று, "மோட்டார யாரு போட்டது? யாரு கடைசியாத் தொட்டது?" என்பார்.

"முதல்ல அணைங்க மாப்ள."

"அணைக்கேன் அத்தை. யாரு போட்டதுன்னு தெரிஞ்சாத்தான மறுக்கா நடக்காம இருக்கும்?"

தூத்துக்குடியில் தண்ணீர் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். அது ஓடினால் ஓடட்டும், விசாரணை முடியட்டும் என்று நிற்கிற மனிதரை நான் இவரைத் தவிர வேறெங்கும் கண்டதில்லை. நானும் வாய் திறக்க மாட்டேன். என் மகள் இந்துமதியும் திறக்க மாட்டாள். கேட்கிற விதத்தில் கேட்டால் சொல்லலாம்.

தோசை மாவு புளித்தாலும் இதே கேள்விதான். கத்தரிக்கோல் காணாமல் போனாலும் இதேதான். "நான் ஒண்ணும் தொடல" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், மாப்பிள்ளையின் இடது புருவம் மட்டும் தனியாக மேலே ஏறும். "ஒண்ணும் தொடலன்னு சொல்லுத ஆளுதான் தொட்டிருப்பான். என் சர்வீஸ்ல நான் பாத்தது அத்தை" என்பார். குலசைக் கோயில் தசராவுக்கு வருஷா வருஷம் காப்புக் கட்டி வேஷம் போடுகிறவர். மற்றவர்கள் காளி, குறவன், கரடி என்று மாற்றி மாற்றி வேஷம் போடுவார்கள். இவருக்கு என்றைக்கும் போலீஸ் வேஷம்தான். "எல்லாரும் வேஷத்தக் கலைச்சிட்டாவ. இவுக மட்டும் இன்னும் டூட்டில இருக்காவ" என்று இந்துமதி சொல்வாள். அந்தத் தொப்பி இன்னும் பிரிட்ஜுக்கு மேலே ஆணியில்தான் தொங்குகிறது.

துறைமுகத்துப் பக்கம், கப்பலுக்குச் சரக்கு அனுப்புகிற ராஜதுரை அண்ணாச்சியின் ஆபீசில் மாப்பிள்ளைக்கு வேலை. கம்ப்யூட்டர்களை மேய்க்கிறார். எனக்கு எழுத்தும் தெரியாது, அந்தப் பெட்டியும் தெரியாது. ஆனால் எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிற மனிதரோடு ஒரே வீட்டில் இருந்தால் தானாகத் தெரிந்துவிடும். ஒரு பெரிய வீட்டுக்குள் தடுப்பு வைத்துப் பல குடித்தனங்களைக் குடியேற்றுவது போல, அங்கே ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களைக் குடிவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு குடித்தனத்திலும் யார் வந்தார், யார் போனார், யார் விளக்கை அணைத்தார் என்பதை அந்த மிஷினே குறித்து வைத்துக்கொள்ளுமாம். அதற்கு லாக் என்று பெயர். அதைத் திறந்து பார்க்கத் திரையில் ஒரு ஜன்னல் உண்டு. வீட்டில் அப்படி ஒன்று இல்லையே என்பதுதான் மாப்பிள்ளைக்கு வாழ்நாள் குறை.

ஆயுத பூஜை கழிந்து அடுத்த வியாழக்கிழமை, சாயந்திரம் நாலு மணிக்கு, இறால் பெட்டிகளுக்கு உண்டான காகிதங்களை அனுப்புகிற குடித்தனம் நடு வேலையில் பொட்டென்று அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றி எடுப்பதற்குள் கெடு முடிந்து, கப்பல் இறாலை விட்டுவிட்டுப் போய்விட்டது. அந்த நேரம் அறையில் இருந்தவள் ஆலந்தலைப் பெண் டெல்பின் ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

மறுநாள் காலை, ஆபீசில் ஆளாளுக்குத் தலைமேல் நிற்கிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்தார். அண்ணாச்சி போனில் வந்தார்.

"ஏலே பாண்டி, அந்தப் பிள்ளதான் எதையோ அமுக்கியிருக்கு. இல்லன்னா சாயந்திரத்துக்குள்ள நீ காட்டு. காட்டலன்னா நாளைலேருந்து வரவேண்டாம்னு சொல்லிருதேன்."

அந்தப் போன் வைத்ததும் டெல்பினே கூப்பிட்டாள். "மாதா மேல சத்தியமா நான் ஒண்ணும் தொடல சார். எங்க அப்பா கடலுக்குப் போக முடியாமக் கெடக்காவ. இந்த வேலையும் போச்சுன்னா..."

இடது புருவம் ஏறியது. "சத்தியம்லாம் வேண்டாம்மா. லாக் சொல்லும். லாக் பொய் சொல்லாது."

நல்ல வார்த்தைதான். ஆனால் லாக் பார்க்கிற அந்த ஜன்னலைத் திரையில் காணவில்லை.

"இங்கனதான இருக்கும்!" என்று திரையின் ஒரு மூலையை விரலால் தட்டினார். தட்டினால் வந்துவிடுமா? மூடித் திறந்தார். வெளியே போய் மறுபடி உள்ளே வந்தார். வேறு வழியில் போய்ப் பார்த்தார். லேப்டாப்பையே அணைத்து ஏற்றினார். காணவில்லை. கடைசியில் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏளா இந்து, இந்த லேப்டாப்ப யாரு தொட்டது?"

"நாங்க ஏன் தொடுதோம்? பூஜைக்கு வச்ச சந்தனம் மூடியில காஞ்சு கெடக்கு, ஒரு ஈரத்துணி வச்சுத் துடைக்க விட்டீங்களா?"

சாளைக் குழம்பு ஆறியது. "சாப்பிட வாங்க மாப்ள" என்றேன். "இந்தா வாரேன் அத்தை" என்றார். குழம்பைச் சூடுபண்ணி மறுபடி கூப்பிட்டேன். அதே "இந்தா வாரேன்". மூன்றாவது தடவை நான் கூப்பிடவில்லை. மீன் என்ன, மாப்பிள்ளைக்காகக் காத்துக்கொண்டிருக்குமா? நாங்கள் சாப்பிட்டுவிட்டோம்.

பிறகு அந்தக் கம்ப்யூட்டர் சாமான் விற்ற கம்பெனியின் பெங்களூர் ஆள் ஒருவனைப் பிடித்தார். எல்லாம் இங்கிலீசு. அவன் ஏதோ கேட்டான். மாப்பிள்ளை, "நோ நோ, நத்திங்" என்றார். அவன் திரும்பவும் கேட்டான். "நத்திங் சார், நத்திங்!" என்று இவர் சத்தம் போட்டார். இந்துமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் காதுக்குள் வந்தாள்.

"அவன் இவுகள்ட்ட, 'நீங்க எதையாவது தொட்டீங்களா'ன்னு கேக்கான்மா. இவுக ஒண்ணும் தொடலன்னு சொல்லுதாவ."

நான் எழுந்து போய் மாப்பிள்ளையின் முகத்தை நன்றாகப் பார்த்தேன். புருவம் ரெண்டும் இருந்த இடத்தில்தான் இருந்தன.

பெங்களூர்க்காரன் "இருங்கள்" என்று சொல்லிப் பாட்டுப் போட்டுவிட்டுப் போனான். பாட்டு முடிகிறதாயில்லை. இதற்கு நடுவில் டெல்பின் இன்னொரு தடவை கூப்பிட்டாள், மாப்பிள்ளை எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வார்? லேப்டாப்பைப் பாதி மூடி, மேலே காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். சுரண்டிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது.

"ஆயுத பூஜை" என்றார். யாரிடமும் சொல்லவில்லை.

கடையில் தராசுக்கு ஓய்வு, கொத்தனாரின் கரண்டிக்கு ஓய்வு, அரிவாளுக்கும் ஆட்டோவுக்கும் ஓய்வு. பூஜையில் வைத்த சாமானை விஜயதசமிக்கு எடுக்கும்வரை யாரும் தொடுவதில்லை. மாப்பிள்ளை தன் மிஷினுக்கும் அந்த மரியாதையைச் செய்திருக்கிறார். துறைமுக வேலை நிற்காதது, அதனால் எல்லாவற்றையும் நிறுத்த முடியாது. லாக் பார்க்கிற ஜன்னலுக்கு ஓய்வு கொடுத்து நிறுத்தினார். காகிதம் அனுப்புகிற குடித்தனம் மட்டும் பூஜை நாளான வியாழக்கிழமை நாலு மணி வரை ஓடி, தானாக அணைய வேண்டும் என்று உத்தரவு எழுதி வைத்தார். எழுதிவிட்டு, போலீஸ் தொப்பியைத் தூக்கிக்கொண்டு குலசைக்கு வண்டி ஏறிவிட்டார். விஜயதசமிக்கு ஆபீசில் இருந்தவர்கள் வேலைக்கு வேண்டிய குடித்தனத்தை ஏற்றிக்கொண்டார்கள். ஜன்னலை எழுப்ப வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. இவருக்கோ அந்த நினைப்பே இல்லை.

பாட்டை அணைத்தார். திரையில் எங்கேயோ போய் ஒரு வரிசையைத் திறந்தார். எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன, ஒன்று மட்டும் நின்றிருந்தது. அதைத் தட்டி எழுப்பினார். கொஞ்ச நேரத்தில், காலையிலிருந்து விரலால் குத்திக்கொண்டிருந்த அதே மூலையில், ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஜன்னல் வந்து உட்கார்ந்தது.

நானானால் அப்போதே எழுந்து சாப்பிடப் போயிருப்பேன். மாப்பிள்ளை லாக்குக்குள் இறங்கி, வியாழக்கிழமை நாலு மணி வரிக்குப் போனார். இந்துமதி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாசித்தாள். அணைக்கச் சொன்ன உத்தரவு பாண்டியராஜ் பெயரில் இருந்தது. அந்த ஒரு நாளைக்கு மட்டும் என்று எழுதாமல், வாராவாரம் என்று எழுதியிருந்தார்.

"மிஷின் கோளாறுன்னு சொல்லிருங்களேன்" என்றாள் என் மகள், மெதுவாக.

"கோளாறுன்னா அண்ணாச்சி நம்புவாரா? மனசுக்குள்ள அந்தப் பிள்ளைதான்னு வச்சுக்கிடுவாரு." சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு போனை எடுத்தார். பழக்கம் விடவில்லை, ஸ்பீக்கரில்தான் போட்டார்.

"லாக் பாத்துட்டேன் அண்ணாச்சி."

"யாருலே அது?"

"நாந்தான் அண்ணாச்சி. பூஜைக்குப் போட்ட உத்தரவ எடுக்க மறந்துட்டேன்."

அதற்கு அண்ணாச்சி வைத அத்தனையையும் இங்கே சொல்ல முடியாது. "போலீசு வேஷம் போட்டு ஊரெல்லாம் திருடனத் தேடுனியேலே!" என்றது மட்டும் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். "எறாலு போனது உன் தலையிலதான் எழுதுவேன். அந்தப் பிள்ளட்ட நீயே பேசு" என்று வைத்துவிட்டார்.

மாப்பிள்ளை உடனே டெல்பினுக்குப் போட்டார். மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே புறவாசலில் சளசளவென்று சத்தம் கேட்டது. மறுபடி தொட்டி நிரம்பிவிட்டது. நானும் இந்துமதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

போனைக் காதில் வைத்தபடியே எழுந்தார். "டெல்பின், நீ ஒண்ணும் தொடலம்மா. நாளைக்கு வேலைக்கு வந்துரு" என்று சொல்லிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போய்ச் சுவிட்சை அணைத்தார். அணைத்துவிட்டு வீட்டைப் பார்த்துத் திரும்பினார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, வாளியை எடுத்துப்போய், சுவர் ஓரம் தேங்கிக் கிடந்த தண்ணீரை முகந்து முகந்து முருங்கைக்கு ஊற்றத் தொடங்கினார்.