நான் நிறுத்தச் சொன்ன ஊசி

ஒரு மனிதருக்கும் அவர் மனைவிக்கும் தீராத நோய் வர நான் காரணமாக இருந்தேன். சுற்றி வளைத்துச் சொல்லும் வயது எனக்கு இல்லை. சில வருடங்களுக்கு முன், பாறசாலையை அடுத்த எங்கள் ஊரில் நடந்தது.

கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். என் தோட்டத்தில் ரப்பர் மரங்களில் பால் வெட்டியவருக்கு நாற்பது வயதிருக்கும். அவர் போதை ஊசி போடுகிறவர் என்று எனக்குத் தெரியாது. வாரம் இரண்டு நாள் ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்து ரப்பர் பாலை ஷீட்டாக அடிக்கும் கொட்டகைக்குப் பின்னால் நிற்பதைக் கவனித்து, ஒருநாள் அங்கே போனேன். ரப்பர் வெட்டுகிறவரும் வேறு மூன்று பேரும் பழைய ஊசிகளை ஒரு தடித்த டப்பாவில் போட்டுவிட்டு, அந்தப் பெண்ணிடம் புதிய ஊசி வாங்கிக்கொண்டிருந்தார்கள். எய்ட்ஸ் தடுப்பு வேலை என்று சொல்லி அந்தப் பெண் அடையாள அட்டையைக் காட்டினார்.

"கள்ளனுக்கு ஏணி பிடிச்சுக் குடுக்கியதாக்கும் உனக்க சோலி, இல்லியா?" என்றேன்.

"நான் குடுக்கல்லேண்ணாலும் இவிய போடத்தான் செய்வாவ சாரே. ஒருத்தன் போட்டத இன்னொருத்தன் போடப்பிடாது, அதுக்காக்கும் இது. சாருக்கு நான் சொல்லித் தரணுமா?"

அந்தக் கடைசிக் கேள்வி என்னைச் சுட்டது. ரத்தத்தின் வழியே நோய் பரவுவதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டியவன்தான் நான். இருந்தும் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் காவல் நிலையத்துக்குப் புகார் எழுதி, வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினேன். மருந்துக்கடைக்காரரிடமும் டாக்டர் சீட்டில்லாமல் ஊசி விற்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன். அந்தப் பெண் வருவது நின்றது. ஊரே என்னைப் பாராட்டியது.

சில வாரம் கழித்து ரப்பர் வெட்டுகிறவர் என் முற்றத்தில் வந்து நின்றார்.

"கடையில ஒரு வார்த்தை சொல்லணும் சாரே. நாலு பேரும் ஒரே ஊசியாக்கும் இப்பம். பயமா உண்டு."

"வெக்கமில்லியாலே? விட்டுத் தொலைக்கணும்."

"விட முடிஞ்சா இஞ்ச வந்து நிப்பனா?"

நான் கதவைச் சாத்தினேன்.

அடுத்த வருடம் அவருக்கு விடாத காய்ச்சல். பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போய்வந்த அவர் மனைவிக்கும் இருந்தது.

சங்கக் கூட்டத்தில் எழுந்து, நான் எழுதிய புகார் தவறு என்று சொன்னேன். "சாருக்கு வயசாச்சு, மக்கா" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மருந்துக்கடைக்காரரிடம் சொன்னதைத் திரும்பப் பெற்றேன். அந்தப் பெண்ணைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டு, சாலையோரம் இருந்த என் அறையைத் திறந்து கொடுத்தேன். அவர் மறுபடி வரத் தொடங்கினார். பக்கத்து வீட்டார் என்னுடன் பேசுவதை நிறுத்தினார்கள்.

பிறகு ரப்பர் வெட்டுகிறவரின் வீட்டுக்குப் போனேன். அவர், "போட்டும் சாரே, மருந்து தின்னுதேன்" என்றார். அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. இவருக்கு விட முடியல்ல. சாருக்குத் தெரியும் இல்லியா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

மற்ற மூவரில் இருவருக்கும் நோய் இருந்தது. ஒருவர் மட்டும் தப்பினார். இன்றும் அவர் என் அறைக்கு வந்து, பழைய ஊசியைக் கொடுத்துப் புதியதை வாங்கிப் போகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம், நான் அந்த ஊசியை நிறுத்தாதிருந்தால் மற்றவர்களும் இவரைப் போல இருந்திருப்பார்களே என்றுதான் தோன்றுகிறது.