ஷட்டருக்கு வெளியே கேட்ட கிறீச் சத்தம்

எண்பதுகளின் பின்பாதியில், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த சமயம் அது. கள்ளக்குறிச்சியில் தியாகதுருகம் ரோட்டோரம் எங்களுக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. சற்றுத் தள்ளிப் புளிய மரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். சென்னைக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வர முடியாமல் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

அவர் போனது டிப்பு வாங்க. இரும்பைச் சீவுகிற டூலின் நுனியில் இருக்கும் கெட்டித் துண்டுதான் டிப்பு. அதுவரை உடைந்த சாமான்களைச் சரிபண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்த எங்களுக்கு, முதல் தடவையாக மொத்த ஆர்டர் வந்திருந்தது. எல்லாம் பம்புசெட்டுக்கான வார்ப்பிரும்பு மூடிகள். ரோடு திறந்ததும் லாரி வரும், தயாராக இல்லையென்றால் வேறு பட்டறைக்குக் கொடுத்துவிடுவோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இவர் தொடங்கிய பட்டறை. இது கைநழுவினால் மனுஷன் உடைந்துபோவார்.

எனக்கும் லேத் ஓட்ட வரும். அவரை நச்சரித்து, நோண்டி நோண்டிக் கேட்டுக் கற்றுக்கொண்டது. ஷட்டரை இறக்கிவிட்டு, கையிலிருந்த சில டிப்புகளை வைத்து நானே ஆரம்பித்தேன். ஆனால் டிப்பு ஒன்று மாற்றி ஒன்று மழுங்கிக்கொண்டே வந்தது. மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று மெல்லிசாகச் சீவினேன். மெல்லிசாகச் சீவச் சீவ இன்னும் சீக்கிரம் தேய்ந்தது! இதென்ன கூத்து? அழுகை ஒரு பக்கம் வந்தாலும், ஏன் இப்படி ஆகிறது என்ற குறுகுறுப்புதான் அதிகம்.

அப்போது ஷட்டரைத் தட்டினார்கள். கடைகளை மூடச் சொல்லியிருந்த நேரம். சட்டென்று மெஷினை நிறுத்தினேன். பாதி தூக்கிப் பார்த்தால், கழுத்தில் துண்டோடு ஒருவர் நின்றிருந்தார்.

"இன்னாம்மா சத்தம் இது? ரோட்டுல உக்காந்துகினு இருக்கறேன், பல்லு கூசுது" என்றார்.

சென்னையில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவராம். மறியலுக்காக ஊருக்கு வந்திருக்கிறார். மூடியைத் தடவிப் பார்த்தார்.

"மேல் தோல்ல, வார்க்கற அச்சு மண்ணு வெந்து கல்லாட்டம் கெடக்குது. நீங்க பயந்துகினு கம்மியா எடுக்கறீங்க, டூலு தோலு மேலயே உரசுது. ஒரே அடியா தோலுக்குக் கீழ போய்டணும்ங்க."

"ஒடைஞ்சிட்டா இன்னாண்ணா பண்றது?"

"ஸ்பீட கம்மி பண்ணுங்க. ஒடைஞ்சா என்னைக் கேளுங்க."

நான் ஒதுக்கிப்போட்ட மழுங்கல் டூல் ஒன்றை எடுத்துச் சாணைக்கல்லில் பிடித்தார். ரொம்பக் கூராக்காமல் நுனியைக் கொஞ்சம் மொத்தமாகவே விட்டார். தோல் எடுக்க இது, நல்ல டிப்பு கடைசிச் சீவலுக்கு மட்டும் என்றார். நான்தான் சக்கரத்தைத் திருப்பினேன். கிறீச் சத்தமே இல்லை. கறுப்புத் தூள் பொலபொலவென்று கொட்டியது. அடடா! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

காபி கொடுத்துவிட்டு, "கம்பெனி வேலைய வுட்டுட்டு எதுக்குண்ணா இதெல்லாம்?" என்று கேட்டேவிட்டேன்.

"எம் பொண்ணு நல்லா படிக்கறாம்மா. எனக்குக் கெடைக்காத காலேஜ் சீட்டு அவளுக்காவது கெடைக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மறுபடி அந்த மரத்துப் பக்கமே போய்விட்டார்.

லாரி வந்தபோது மூடிகள் தயாராக இருந்தன. டிப்பு பொட்டலத்தோடு வந்திறங்கிய வீட்டுக்காரர்தான் திருதிருவென்று முழித்தார்!

அதுவரை மறியல் என்றால் எனக்கு, டிப்பை வரவிடாத தொல்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் எங்காவது மறியல் என்று செய்தியில் பார்த்தால், பஸ் ஓடுமா என்று யோசிப்பதற்கு முன்னால், அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் என்னென்ன வேலை தெரிந்தவர்களோ, யாருக்காக உட்கார்ந்திருக்கிறார்களோ என்றுதான் மனசு கேட்கிறது.