கர்னலின் இடது கை

கர்னல் உர்பானோ செவாயோஸின் முகத்தைப் பார்த்தவர் எவரும் சான் லாசரோ துறைமுகத்தில் உயிரோடு இல்லை. ஸ்பெயின்காரர்களோடு நடந்த சண்டையில் அவர் ஏறிய குதிரைகள் ஒவ்வொன்றாகச் செத்து விழ, கடைசியில் ஒரு கோவேறு கழுதைமேல் ஏறி ஜெயித்தார் என்று ஊர் சொல்லும். அவரிடம் குதிரையே இருந்ததா என்பதற்குச் சாட்சி கிடையாது. அதனால் என்ன? பெரு நாட்டு விடுதலைக்கு நூறு வயதாகப் போகிறது. கடற்கரையில் ஒவ்வொரு ஊரும் தன் சதுக்கத்தில் ஒரு வெண்கல ஆளை நிறுத்தும்போது சான் லாசரோ மட்டும் வெறும் நீர்த்தொட்டியோடு இருந்தால் மானம் என்ன ஆவது? ஊர்த்தலைவர், கல்லறைகளுக்குத் தேவதை செதுக்கிப் பிழைத்த இத்தாலிக்காரர் ஒரேஸ்தேயைக் கூப்பிட்டு, கர்னலைச் செய்யச் சொன்னார்.

படம் இல்லாத மனிதருக்கு முகம் எங்கே போய்த் தேடுவது? தேவதைகளின் முகத்துக்கு மீசை வைத்துப் பார்த்தார் ஒரேஸ்தே. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஒரு நாள் படகுத்துறையில் பஞ்சுப் பொதி இறக்கிக்கொண்டிருந்த மெலித்தோனைக் கண்டார். அந்தத் தாடையையும், பொதி அழுத்தும்போதும் தாழாத அந்தக் கண்களையும் பார்த்துவிட்டு அவனைக் கையோடு இழுத்துப் போனார்.

மெலித்தோன், ஊர்ப் பெரிய வீடுகளுக்குத் துணி வெளுக்கும் யூடோசியாவின் ஒரே மகன். கறுத்த, உயர்ந்த பையன். அச்செடுக்கச் சுண்ணமாவுக் குழம்பை மகனின் முகத்தில் அப்பி, மூச்சுக்கு மூக்கில் இரண்டு வைக்கோல் செருகியபோது யூடோசியா பக்கத்திலேயே நின்றாள். அச்சைப் பெயர்த்தபோது புருவமும் சேர்ந்து வந்துவிட்டது. பிறகு இடது கையை அச்செடுத்தார்கள். கப்பல் கயிற்றில் நசுங்கிய சுண்டுவிரல் கொக்கிபோல் வளைந்திருந்தது.

"இத நிமிர்த்திடறேன்," என்றார் ஒரேஸ்தே.

"கிடக்கட்டும் விடுங்க மேஸ்திரி. கர்னலும் ஒரு நாள் கயிறு இழுத்திருப்பாரு," என்றான் மெலித்தோன்.

"புருவமில்லாம வீட்டுக்கு வர்றான் பாரு, அவிச்ச முட்டை மாதிரி," என்றாள் யூடோசியா.

ஒரேஸ்தே இருவரிடமும் சத்தியம் வாங்கினார். "வெளிய மூச்சு விடக்கூடாது. வீரனோட மூஞ்சி வானத்துலேருந்து இறங்கினதா இருக்கணும். படகுத்துறையிலேருந்து ஏறி வந்ததா இருக்கக் கூடாது."

சிலை தலைநகர் லீமாவின் வார்ப்படச் சாலையில் இருந்தபோது சரக்குப் படகு ஒன்று அலையில் கவிழ்ந்தது. மற்றவர்களைக் கடல் திருப்பிக் கொடுத்தது. மெலித்தோனைக் கொடுக்கவில்லை. யூடோசியாவிடம் அவன் படம் ஒன்றுகூட இல்லை. புதைக்க உடம்பும் இல்லை.

திறப்பு விழாவுக்குக் கர்னலின் பேத்தி டோன்யா எர்சீலியா லீமாவிலிருந்து வந்தாள். நெருப்புக்கோழி ஒன்று உட்கார்ந்திருப்பது போன்ற தொப்பி. திரை விழுந்ததும் அவள், "எங்க தாத்தாவேதான். அந்த மூக்கு, அந்தப் பார்வை, எங்க வம்சத்துக்கே உள்ளது," என்று அழுது ஊர்த்தலைவரின் மேலேயே மயங்கிச் சாய்ந்தாள். கூட்டத்தின் கடைசியில் நின்ற யூடோசியாவின் காதில் பாண்டு வாத்தியம் விழவில்லை. மகன் அங்கே நின்றுகொண்டிருந்தான். புருவம் முளைத்திருந்தது.

அன்றிலிருந்து விடிகிற வேளையில் ஒரு வாளியும் ஏணியுமாகச் சதுக்கத்துக்குப் போனாள். கடல்நாரைகள் கர்னலை மதிப்பதில்லை. அவள் அந்த எச்சத்தைக் கழுவி, காது மடலைத் துடைத்து, முந்தின நாள் சங்கதியெல்லாம் சொல்லுவாள். ஊர் அதைத் தேசபக்தி என்று எடுத்துக்கொண்டது. பள்ளி டீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்து அவளைக் காட்டினாள்.

அடுத்த ஜூலையில், விடுதலை நாள் விழாவில் ஊர்த்தலைவர் அவளை மேடைக்கு அழைத்துச் சிவப்பு வெள்ளை நாடாவை மார்பில் குத்தினார். "இந்த ஏழைத் தாய்க்குத் தாய்நாட்டின் மேல் எவ்வளவு பற்று! இரண்டு வார்த்தை பேசுங்கள்," என்றார்.

அத்தனை கண்களுக்கு முன்னால் அவளுக்குப் பொய் வரவில்லை. சத்தியமும் நினைவுக்கு வரவில்லை.

"பற்றெல்லாம் எனக்குத் தெரியாதுங்க ஐயா. நான் என் மவன் மூஞ்சியக் கழுவறேன்."

டிரம் அடிப்பவனின் கைக்கோல் நின்றுவிட்டது. விருந்தினர் வரிசையில் டோன்யா எர்சீலியா எழுந்தாள். "மூட்டை தூக்கற கறுப்பன் மூஞ்சியா எங்க தாத்தாவுக்கு?"

வறுத்த மீன் விற்கும் தொமாசா கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தாள். "போன வருஷம் அந்த மூஞ்சியப் பாத்துத்தானே அம்மணி மயங்கி விழுந்தீங்க?"

சதுக்கமே சிரித்தது. அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை மறந்திருப்பார்கள். அந்த வாரமே நகரசபை கூடித் தலையை மாற்றுவதென்று தீர்மானித்தது.

யூடோசியா ஊர்த்தலைவர் முன் போய் நின்றாள். "கழட்டுற தலைய எனக்குக் குடுத்துடுங்க ஐயா."

அவர் கெட்டவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஊர்ச் சொத்தும்மா அது. அதை உருக்கித்தான் புதுத் தலை வார்க்கணும்."

"ஒரு காது மட்டுமாவது?"

அவர் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில் கழுத்தை அறுத்தார்கள். ஒரேஸ்தே அவள் பக்கம் திரும்பவே இல்லை. உருளைக்கிழங்குச் சாக்கில் போட்டுத் தலையை இறக்கும்போது சாக்கின் அடியில் அவள் கை கொடுத்தாள். "மெதுவா," என்றாள்.

புதுத் தலைக்கும் படம் கிடையாதே. 'குடும்ப ஜாடை' என்று டோன்யா எர்சீலியாவே நாற்காலி போட்டு உட்கார்ந்து முகம் கொடுத்தாள். ஒரேஸ்தே அதற்கு ஒரு மீசை வைத்தார். இன்றைக்கும் சான் லாசரோவுக்குப் போனால், இரட்டைத் தாடையும் மீசையுமாக ஒரு லீமாச் சீமாட்டி வாளேந்தி நிற்பதைப் பார்க்கலாம்.

யூடோசியா சதுக்கத்தை மிதிக்கவில்லை. வெளுத்த துணியைக் கொடுக்கப் போனாலும் சுற்று வழியில் போனாள். "என் வாயாலதானே அவன் ரெண்டாந்தரம் செத்தான்," என்று தொமாசாவிடம் ஒரே ஒரு முறை சொன்னாள்.

தொமாசா விடுகிறவள் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாண்டு வாசிக்கும் நேரத்தில், கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். "அந்த மூஞ்சிய ஒரு தடவ பாருக்கா. சிரிச்சாத்தான் உனக்குத் துக்கம் இறங்கும்."

யூடோசியா முகத்தைப் பார்க்க மனமில்லாமல் கண்ணைத் தாழ்த்தினாள். வலது கை வாளோடு மேலே இருந்தது. படையை வாவென்று அழைக்கும் இடது கை, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, கீழ்நோக்கி நீண்டிருந்தது. அதன் சுண்டுவிரல் கொக்கிபோல் வளைந்திருந்தது. கழுத்துக்குக் கீழே மாற்ற வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

"என்னக்கா, சிரிக்கக் காணோம்?"

"ஒண்ணுமில்லடி. வெயிலு."

இந்த முறை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தொமாசாவிடமும் இல்லை. ஒரு முக்காலியும் ஈரத்துணியுமாகத் திரும்ப வர ஆரம்பித்தாள். பிள்ளைகளோடு அந்தப் பக்கம் வந்த டீச்சர் ஒரு நாள் நின்று கேட்டாள்.

"கைய மட்டும் துடைக்கறீங்களே யூடோசியா? முகமெல்லாம் எச்சமா கிடக்குதே."

"மூஞ்சிக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க டீச்சரம்மா. அவங்க பாத்துக்குவாங்க."

முன்போல் விடிகாலையில் அவள் போவதில்லை. அந்த வேளையில் வெண்கலம் சில்லிட்டிருக்கும். வெயில் உச்சிக்கு வந்து, ஊர் அடங்கியபின் போவாள். அதற்குள் அந்தக் கை சூடேறியிருக்கும். துடைத்து முடித்தபிறகும் கொஞ்ச நேரம், அந்தச் சூடு கைக்குள் இருக்க, முக்காலிமேல் அப்படியே நிற்பாள்.