காத்தை எறக்கிட்டீங்களா பாய்?

ஸ்டவ் ரிப்பேர்க்காரன் கைக்கு வர்ற சாமான் எதுவும் ஒழுங்கா இருக்கும்போது வராது; அதைக் கொண்டு வர்றவங்களும் ஒழுங்கான மனசோட வர மாட்டாங்க. உங்கள்ல யாராவது ரிப்பேர் கடை வெச்சு உக்காந்திருந்தா, நான் மேல சொல்லவே வேணாம். மத்தவங்களுக்காகச் சொல்றேன். திருவண்ணாமலையில தேரடிப் பக்கம் சின்னதா ஒரு கடை எனக்கு. ஸ்டவ், பெட்ரோமாக்ஸ் விளக்கு, மருந்து அடிக்கிற பம்ப்பு, இதுதான் வேலை. நான் படிச்சது அஞ்சாவது வரைக்கும். மீதியெல்லாம் காத்தும் மண்ணெண்ணெயும் சொல்லிக் கொடுத்தது.

பச்சையம்மா ஸ்டவ்

பச்சையம்மா பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை போட்டிருந்தாங்க. மாசத்துக்கு ஒரு தடவை அவங்க ஸ்டவ் மக்கர் பண்ணும். தூக்கிட்டு வருவாங்க, உள்ள காத்து கெட்டியா நிக்கும். திருகாணியைத் திறந்து காத்தை எறக்கிட்டுத்தான் ஸ்டவ்வைக் கழட்டணும். இல்லைன்னா மண்ணெண்ணெய் மூஞ்சியில பீச்சும். இதை அவங்களுக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு எனக்கே கணக்கில்லை.

ஒரு நாள் கடையில நாலு பேர் நிக்கும்போது பிடிச்சுக் கத்திட்டேன். "காத்தை எறக்கிட்டியான்னு உன்னையே நீ கேட்டுக்கம்மா! தினம் சாமி கும்பிடற மாதிரி கேட்டுக்க! கண்ணு போனா நானா தருவேன்?" அந்தம்மா கொஞ்சங்கூட அசரலை. முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு நிதானமா சொன்னாங்க:

"இட்லி வேகறதுக்குத்தான் பாய் ஸ்டவ்வு. நீங்க எதுக்கு வேகறீங்க?"

கடல் இல்லாத ஊருக்கு வந்த துப்பாக்கி

எண்பதுகளோட ஆரம்பம். தனபால்னு ஒரு பஸ் கண்டக்டர், நாடகப் பைத்தியம். எழுதறது, நடிக்கிறது, மைக்குக்காரன்கிட்ட சண்டை போடறது எல்லாம் அவரே. ஒரு காலையில கோணிப்பையில சுத்தி ஒண்ணைக் கொண்டாந்து என் மேசை மேல வெச்சார். பிரிச்சா, கை நீளத்துக்கு அலுமினியக் குழாய். ஒரு பக்கம் பிடி, விசை. இன்னொரு பக்கம் ஒல்லியா மூக்கு.

செங்கம் ரோட்டுல அவர் மச்சான் வீட்டு மாடியில ஒரு வெள்ளைக்காரர் வாடகைக்கு இருந்திருக்கார். கடலுக்குள்ள முங்கி மீன் சுடற துப்பாக்கியாம் இது. ஈட்டியை உள்ள சொருகி விசையை அழுத்தினா, குழாய்க்குள்ள அடைச்சு வெச்ச காத்து அதைத் தள்ளும். மலையை நாலு தடவை சுத்தினதுக்கப்புறம் அந்த மனுஷர் மீனையும் விட்டுட்டார், துப்பாக்கியையும் விட்டுட்டுப் போயிட்டார். அஞ்சு வருஷமா பரண்ல கிடந்திருக்கு. ஈட்டி எங்கேயோ தொலைஞ்சு போச்சு.

"இதைப் போலீஸ் துப்பாக்கியா மாத்தணும் பாய். கட்டை வெக்கணும், கறுப்பு அடிக்கணும், அழுத்தினா டப்புனு சத்தம் வரணும். ஆனா உள்ள இருக்கறதையெல்லாம் எடுத்துடுங்க. மேடையில ஒருத்தன் நெஞ்சுக்கு நேரா நீட்டப் போறேன்" அப்படின்னார். பார்க்கறவங்க இது மீன் துப்பாக்கின்னு கண்டுபிடிச்சுட மாட்டாங்களான்னு கேட்டேன்.

"விடுங்க பாய். நம்ம ஜனத்துல பாதி பேர் கடலையே பார்த்ததில்லை."

எண்ணெயில வந்த முட்டை

மறுநாள் அதைத் துணி சுத்தி மேசையோர வைஸ் இடுக்கியில பிடிச்சேன். விசையை ரெண்டு தடவை அழுத்திப் பார்த்தேன், ஒண்ணும் வரலை. சரி, காத்து போயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டேன். எந்த ஸ்டவ்வுல ஒரு ராத்திரிக்கு மேல காத்து நின்னிருக்கு? இது அஞ்சு வருஷம் பரண்ல கிடந்த சாமான். நம்ம தொழில்காரன் யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைச்சிருப்பான். நினைச்சதோட நிக்காம, மரை தெரியணும்னு மூஞ்சியைக் குழாய் மூக்குக்கு நேரா வெச்சுக்கிட்டு ரிஞ்சு ஸ்பேனரால திருக ஆரம்பிச்சேன். ஒரு சுத்து வந்தது. ரெண்டாவது சுத்து ரொம்ப இறுக்கமா வந்தது.

ரிப்பேருக்குக் கொடுத்த ஸ்டவ்வைத் திரும்ப வாங்க வந்த பச்சையம்மா பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. "காத்தை எறக்கிட்டீங்களா பாய்?"ன்னாங்க. எனக்குச் சுருக்குனு கோவம். "இது ஸ்டவ் இல்லம்மா, சும்மா இரு"ன்னேன். அவங்க சும்மா இருக்கலை. எழுந்து வந்து, விரலை நீட்டினாங்க:

"அப்ப எண்ணெயில ஏன் முட்டை முட்டையா வருது?"

கைக்கு வந்த சாமான்

பார்த்தேன். மரையோரமா எண்ணெய் கசிஞ்சு, அதுல சின்னச் சின்னதா நுரை கிளம்பிட்டிருந்தது. சோப்புத் தண்ணி தடவி, முட்டை வந்தா காத்துன்னு ஊருக்கே சொல்லிக் கொடுத்தவன் நான். என் கண்ணெதிர்ல வருது, எனக்குத் தெரியலை. தலையை ஒதுக்கிக்கிட்டு, மரையைத் திரும்ப இறுக்கினேன்.

அப்புறம் சாவகாசமா தேடினேன். பின்பக்கம் ஒரு சின்ன மூடி. அதுக்குள்ள சைக்கிள் ட்யூப் மாதிரி வால்வு. ஒதுங்கி நின்னு, சைக்கிள் கம்பியால அமுக்கினேன். புஸ்ஸுனு ஒரு சீறல். எண்ணெயும் காத்துமா எதிர்ச் சுவரு முழுக்கத் தெளிச்சுது. ஒரு வெத்தலை மென்னு முடிக்கிற நேரம் நிக்கவே இல்லை. அப்புறம் கழட்டினேன். உள்ள கட்டை விரல் பருமனுக்கு ஒரு பிஸ்டன், கோழிக்குஞ்சு மாதிரி சாதுவா என் உள்ளங்கையில வந்து விழுந்தது. ஈட்டி இல்லாததால அது ஏற்கெனவே மூக்கோரம் வந்து காத்தை அடைச்சுக்கிட்டு நின்னிருக்கு, அதான் விசையை அழுத்தியும் ஒண்ணும் வரலை. அதையும் பார்த்தேன், கொஞ்சம் முன்னாடி என் முகம் இருந்த இடத்தையும் பார்த்தேன். வீட்டுல மூணு பொண்ணுங்க எனக்கு. அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டேன்.

பச்சையம்மா சொம்புல தண்ணி கொடுத்தாங்க. "அல்லா உன்னை நல்லா வெக்கணும்மா. என் கண்ணைக் காப்பாத்திட்டே"ன்னேன். அந்தம்மாவுக்கு வெக்கமா போயிடுச்சு. ஸ்டவ்வைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டுச் சொன்னாங்க:

"நான் என்ன பண்ணேன் பாய்? நீங்க என்னைத் திட்டினதைத்தானே திருப்பிச் சொன்னேன்."

நாடகம்

குழாய்ல ரெண்டு ஓட்டை போட்டேன், இனிமே யாரும் அதுல காத்து அடைக்க முடியாதபடிக்கு. மாங்கட்டையில பின்கட்டை செதுக்கி வெச்சு, கறுப்பு அடிச்சேன். சத்தத்துக்கு ஒரு ஸ்பிரிங்கும் தகடும் கோத்தேன். கடையில நூறு தடவை டப்புனு அடிச்சுது.

நாடகத்தன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி. நான் முன்வரிசையில, பச்சையம்மா பொம்பளைங்க பக்கம். இன்ஸ்பெக்டர் வேஷத்துல தனபால் துப்பாக்கியை நீட்டினார். அழுத்தினார். சத்தம் இல்லை. மறுபடி அழுத்தினார். ஸ்பிரிங் கழண்டு மேடையில டிங்குனு விழுந்து உருண்டது. கொள்ளைக்காரனா நடிச்சவர் விழறதா நிக்கறதான்னு தெரியாம தனபாலையே பார்க்கறார். எனக்கு எங்கேயாவது ஓடிடலாம் போல இருந்தது. அப்பத்தான் பொம்பளைங்க பக்கத்துல இருந்து ஒரு குரல்:

"பாய் காத்தை எறக்கிட்டாருப்பா! நீ பாட்டுக்கு விழு!"

அத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் நான் சொன்ன புத்தியில எனக்கே உதவினது அந்தம்மா திருப்பிக் கொடுத்த ஒண்ணுதான், அதனாலதான் இன்னிக்கும் ரெண்டு கண்ணாலயும் பார்த்து ஸ்டவ் ஓட்டையில பின்னு குத்தி அடைப்பு எடுக்கறேன், காத்தை எறக்காம வர்றவங்களைக் கொஞ்சம் கம்மியா திட்டறேன்.