அக்கா கப்பலுக்குக் கொண்டுபோன ஒயின்

கப்பல் கம்பெனிக்காரர்கள் அனுப்பிய விதிகளை அக்கா எனக்கு மூன்று தடவை படித்துக் காட்டினாள். ஆளுக்கு, ஒரு பயணத்துக்கு, ஒரு பாட்டில் ஒயின் கொண்டுவரலாம். சீல் உடைக்காததாக இருக்க வேண்டும். வீட்டில் செய்ததற்கு அனுமதி கிடையாது.

"அப்ப விட்டுடுக்கா. கப்பல்லயே விப்பாங்க" என்றேன்.

"அவங்க விக்கறது யாருக்குடி வேணும்?"

அதற்குமேல் அவளோடு பேச முடியாது. பிறந்ததிலிருந்தே அவள் அப்படித்தான். டெலிபோன் ஆபீசில் அவளுக்கு மேலதிகாரியாக இருந்தவர்களைக் கேட்டால் இன்னும் கதை கதையாகச் சொல்வார்கள்.

மயிலாப்பூரில் கடற்கரைப் பக்கமாக, எங்கள் பங்குக் கோயிலைச் சுற்றி இருக்கிற வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு ஒயின் போடுவது வழக்கம். கறுப்பு திராட்சை, சர்க்கரை, ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு எல்லாம் பீங்கான் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைப்பார்கள். எங்கள் வீட்டில் அது அக்காவின் வேலை. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் விதவையாகி அவளோடு வந்து சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. ஜாடிப் பக்கம் என்னை அவள் விட்டதே இல்லை. வடிகட்டியதும் தெருவில் எல்லா வீட்டுக்கும் போகும். வாங்கிப்போகிறவர்கள் அன்றைக்கே குடித்துவிடுவார்கள். நாங்கள் மட்டும் கிறிஸ்துமஸ் பூசை முடிந்து வந்தபிறகுதான் தொடுவோம். அம்மா காலத்திலிருந்து அப்படி. ருசி பார்க்கக்கூட ஒரு சொட்டு நாக்கில் வைக்க மாட்டாள் அக்கா.

அக்டோபரில் போட வேண்டிய ஒயின் அந்த வருஷம் நவம்பரில்தான் ஜாடிக்குப் போனது. அக்டோபர் முழுக்க அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தாள். கணையம் என்றார்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு இருப்பாளா என்று டாக்டரைத் தனியாகக் கேட்டேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். வெளியே வந்தால் அக்கா கேட்கிறாள்: "இன்னா சொன்னான்? பேனாவை நோண்டினானா? என்கிட்டயும் அதான் பண்ணான்."

வீட்டுக்கு வந்த அன்றைக்கே கப்பலுக்குப் பணம் கட்டிவிட்டாள். ஒரு பயணம் இல்லை, அடுத்தடுத்து இரண்டு. முதலாவது விசாகப்பட்டினம் போய்ச் சென்னைக்கே திரும்பும். அன்றைக்கு மாலையே அதே கப்பல் இலங்கைக்குக் கிளம்பும். கிறிஸ்துமஸ் அந்த இரண்டாவதில் வந்தது. எதற்கு இரண்டு என்று கத்தினேன். "சாப்பாட்டு ஹாலுக்கு வழி கண்டுபிடிக்கவே நாலு நாள் ஆயிடும்டி. கிறிஸ்துமஸ் அன்னிக்கு வழி தெரியாம நிக்கணுமா? நடுக்கடல்ல உக்காந்து என் ஒயினை நான் குடிக்கணும். அவ்ளோதான்" என்றாள்.

அவளால் அதிக நேரம் நிற்க முடியவில்லை. அதனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஜாடி என் கைக்கு வந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து அதட்ட அதட்ட நான் வடிகட்டினேன். நிறத்துக்காகச் சர்க்கரையைக் கருக்கிப் பாகாக்கி ஊற்றினேன். தெருவுக்கெல்லாம் கொடுத்ததுபோக இரண்டு பாட்டில் எங்களுக்கென்று நின்றது. மாடி வீட்டுக்காரர் குடித்துப்போட்ட வெளிநாட்டு ஒயின் பாட்டில்கள் இரண்டை வாங்கி, லேபிள் நனையாமல் கழுவி வைத்திருந்தேன். பாரிமுனையில் தேடிப்பிடித்துத் தக்கையும், மேலே மாட்டுகிற பிளாஸ்டிக் உறையும் வாங்கி வந்திருந்தேன்.

அக்கா பாட்டிலைக் காதோரம் வைத்துக் கேட்டாள். "பொங்கறது இன்னும் அடங்கலடி. உள்ள பேசிக்கினே கீது. துணி கட்டி நாலு நாள் விடு."

நாலு நாள் ஏது? மறுநாள் கப்பல். மருந்துப் பட்டியல், பாஸ்போர்ட், அவளுடைய தலையணை என்று எனக்குத் தலைக்குமேல் வேலை. "சும்மா இருக்கா, ஏசியில எல்லாம் அடங்கிடும்" என்று சொல்லிச் சப்பாத்திக் கட்டையால் தக்கையை அடித்து இறக்கினேன். தலைமுடி காயவைக்கிற மெஷினைக் காட்டினதும் உறை சுருங்கிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டது. கடையில் வாங்கினது தோற்றுப்போகும். எனக்கு அவ்வளவு பெருமை!

முதல் தடவை ஏறும்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பாட்டில்கள் இரண்டும் அறையின் குட்டி ஃப்ரிட்ஜில் உட்கார்ந்தன. அக்கா தினமும் காலையில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவாள். விசாகப்பட்டினத்தை அவள் சரியாகப் பார்க்கவே இல்லை.

திரும்பிச் சென்னைக்கு வந்த அன்று இன்னும் மூன்று நாளில் கிறிஸ்துமஸ். இரண்டாவது பயணத்துக்கு எங்களுக்கு வேறு அறை. சாமான்களை ஊழியர்களே மாற்றிவிடுவார்கள், நாங்கள் இறங்கி, பாஸ்போர்ட்டைக் காட்டி, திரும்ப ஏறினால் போதும். அறையைக் கவனித்துக்கொண்ட பெண்மணி எல்லாவற்றையும் விட்டுப் போகச்சொல்லிக் கையைக் காட்டினாள். எல்லாவற்றையும் விட்டாள் அக்கா, ஒயினை மட்டும் விடவில்லை. "அவங்க கைதவறிப் போட்டுட்டா?" என்று வாய் திறந்த துணிப்பையில் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

துறைமுகக் கொட்டகையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஒரே புழுக்கம். வரிசை நகர்ந்து, சோதனை பெல்ட்டில் பையை வைத்து, அது அந்தப் பக்கம் வந்ததுதான் தாமதம். டொப்! தக்கை உறையையும் கிழித்துக்கொண்டு கூரைக்குப் போனது. ஊதா நுரை பொங்கிப் பெல்ட்டெல்லாம் வழிந்தது. பின்னால் நின்றவரின் வெள்ளைச் சட்டை போயே போச்சு.

"இன்னாமா இது, சாராயமா?" என்று அவர் அலறினார்.

மாதாவே! அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. சோதனைக்கு நின்ற பெண் மற்ற பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். அதிலும் தக்கை மேலே ஏறி உறை புடைத்திருந்தது.

"வீட்ல செஞ்சதாம்மா?"

கடையில் வாங்கினது என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டாள். "ஆமாம்மா. நான்தான் செஞ்சேன்."

"அலோ பண்ண முடியாதும்மா. வெளிய யார்னா வந்து வாங்கிக்குவாங்களா?"

வெளியே யார் வருவார்கள்? வந்தாலும் துறைமுகத்துக்குள் பாஸ் இல்லாமல் விடமாட்டார்கள். வீட்டு ஜாடியிலும் ஒரு சொட்டு இல்லை. கெஞ்சினேன். உடம்பு சரியில்லாதவள் என்றேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது, ஆனால் தலையைத்தான் ஆட்டினாள். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஒரு காகித டம்ளரை நீட்டினாள். "இங்கியே ஒரு வாய் குடிச்சிக்கோங்கம்மா. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

அக்கா டம்ளரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"குடிக்கலாமாடி?"

என்னிடம் அவள் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. ஒரு சேலை எடுக்கக்கூட என்னைக் கேட்டதில்லை. எனக்கோ பின்னால் வரிசை, வெள்ளைச் சட்டைக்காரர், எல்லாக் கண்ணும் எங்கள்மேல். மானம் போகிறதே என்கிற ஒரே நினைப்பு. "இன்னும் கிறிஸ்துமஸ் வரலியேக்கா. எல்லாரும் பாக்கறாங்க. வா போலாம்" என்றேன்.

"சரி" என்றாள். உடனே சரி என்றாள். அந்தப் பெண் பாட்டிலை மூலையிலிருந்த தொட்டியில் கவிழ்த்தாள். அக்கா நின்று கடைசிவரைக்கும் பார்த்தாள். நான் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிறிஸ்துமஸ் அன்று ஃபோனில் பூசை பார்த்தோம். கப்பல் ஒயின் ஒரு கிளாஸ் வாங்கிக்கொடுத்தேன். உதட்டை நனைத்துவிட்டு "நல்லாதான் கீது" என்று கீழே வைத்தாள். கடல் அமைதியாக இருந்தது.

பிப்ரவரியில் அக்கா போய்விட்டாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் அந்த ஒயினைப் பற்றித்தான் பேசினார்கள். எதிர்வீட்டு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எத்தினியோ வருஷமா வாங்கிக் குடிக்கிறேன், இந்தத் தபா மாதிரி ஒருநாளும் இருந்ததில்ல. என்ன ருசி! அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும், இல்ல?"

"ஆமாங்க, தெரிஞ்சுது" என்றேன்.