கல்லீரலை விட்டுவிட்ட பாடம்

பாம்பனில் அறிவியல் வாத்தியாராக இருந்த காலத்தில், என்னைப்போல் பாடம் நடத்த இந்தத் தீவில் ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பில் மண் விழட்டும்.

உடம்பில் ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்கு எப்படிச் சேதி அனுப்புகிறது என்பது பாடம். புத்தகத்தில் அரைப் பக்கம்தான். நான் பிள்ளைகளையே எழுப்பி நிறுத்திவிட்டேன். கருப்பட்டித் துண்டோடு வாசலில் நின்றவன் சர்க்கரை. அவனைக் கண்டதும் கணையம் பக்கத்திலிருப்பவளின் தோளைத் தட்ட வேண்டும். அவள்தான் இன்சுலின். அவள் ஓடிப்போய்ச் செல்லின் கதவைத் தட்டினால் கதவு திறக்கும், சர்க்கரை உள்ளே போகும்.

கணையமாக நான் நிறுத்தியது ஒரு ரயில்வே தொழிலாளியின் மகளை. முன் பெஞ்சில் இருந்தாள், கூப்பிட்டேன், அவ்வளவுதான். அவளுக்குச் சர்க்கரை வியாதி என்பதும், தினமும் இரண்டு வேளை அம்மா ஊசி போடுவார் என்பதும், மருந்து மதுரையிலிருந்து வந்து ஈர மணல் பானைக்குள் இருக்கும் என்பதும் பள்ளிக்கூடத்துக்கே தெரியும். அவள் சிரித்துவிட்டாள்.

"எனக்கு இல்லாததையே எனக்குக் குடுத்துட்டீங்களே சார்."

ஆட்டம் முடிந்ததும் அவளே கேட்டாள்: "சாப்பிடலைன்னா சேதி வேணாமா சார்?"

"சர்க்கரையே வரலைன்னா யாருக்கும்மா கதவு திறக்க?" என்றேன். வகுப்பு சிரித்தது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

எனக்குத் தெரியாமல் இல்லை. பட்டினி கிடந்தாலும் கல்லீரல் தானாக ரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருக்கும், அதை அடக்கவும் இன்சுலின் வேண்டும். கல்லூரியில் படித்ததுதான். பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டேன். அரைக் கிணறு தாண்ட வைத்துவிட்டு, பிள்ளைகள் அக்கரை சேர்ந்துவிட்டதாகப் பூரித்துக்கொண்டு நின்றேன்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் ஒரு வாய்க் கஞ்சி தங்கவில்லை, எல்லாம் வாந்தி. மூன்றாம் நாள் நினைவில்லாமல் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றினார்கள். அன்று சாயங்காலம் இறந்துபோனாள்.

துக்கத்துக்குப் போனேன். சுவரில் மாதா படம், அதற்குக் கீழே அந்தப் பானை. அவள் அம்மா எழுந்து எனக்குப் பாய் விரித்தார்.

"காச்சல்ல கெடக்கும்போதும் ஒங்க பாடத்தத்தான் சார் சொல்லுச்சு. நா ஊசிய எடுத்துக்கிட்டுப் போனேன். வேணாம்மா, வயித்துல ஒண்ணுமில்ல, சாப்பிட்டாத்தான் அந்தச் சேதி வேணும், சார் சொல்லிக்குடுத்திருக்காகன்னுச்சு. படிச்ச புள்ள சொல்லுதேன்னு ரெண்டு நாளும் போடல."

பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"போட்டுருந்தா பொழச்சிருக்குமா சார்?"

பிழைத்திருப்பாள். பெரும்பாலும் பிழைத்திருப்பாள். அதைச் சொன்னால் அந்தத் தாய் ஆயுளுக்கும் தன் கையை நொந்துகொள்வார் என்று நினைத்தேன். பழியிலிருந்து நான் தப்புவதற்காகவும் நினைத்தேன், அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது.

"இல்லம்மா. காய்ச்சல் முத்திப்போச்சு, ஊசி போட்டும் பயன் இருந்திருக்காது" என்றேன்.

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.