கதவில் சாய்ந்து படுத்த நாய்

தெருமுனை மரக்கிடங்குக் காவலரை நினைத்தால், அவருடைய தோள்துண்டுதான் இன்றும் கண்முன் நிற்கிறது. கன்றுக்குட்டி அளவிருந்த அவருடைய மாஸ்டிஃப் நாயின் எச்சிலை அந்தத் துண்டால்தான் துடைப்பார். முழங்கை காய்த்துப் போகாதிருக்க அதற்கு மெத்தை விரிப்பார். வயிறு முறுக்கிக்கொள்ளும் என்று, உண்டவுடன் ஓட விடமாட்டார்.

"குரைக்காத நாய்க்கு ராஜ உபசாரமா? நாளைக்கே அனுப்பிடுங்க" என்றார் புதிதாகப் பொறுப்பேற்ற இளைய முதலாளி.

அன்று காவலர் சாப்பிடப் போயிருந்தபோது முதலாளி தனியே கிடங்குக்குள் நுழைந்தார். நாய் குரைக்காமல் உள்ளே விட்டது. அவர் வெளியே போகத் திரும்புகையில் கதவில் சாய்ந்து படுத்துக்கொண்டது.

காவலர் வந்து சொன்னார்: "உள்ள விடுவான் தம்பி. நான் சொல்லாம வெளிய விடமாட்டான்."

"அப்ப சொல்லுங்கண்ணே."

"இவன் இங்கேயே இருக்கலாமான்னு நீங்க முதல்ல சொல்லுங்க."

"இருக்கட்டும்ணே. எனக்குப் பசிக்குது."

அந்த நாய் இருந்தவரை, காவலரின் துண்டு காய்ந்து நான் பார்த்ததில்லை.